மெலமீன் மேற்பூச்சுப் பலகையும் வீட்டு அறைகலன்களும்

வீட்டுச் சாமான்கள் என்றால் தேக்கு, ஈட்டி, பலா முதலிய மரங்களால் செய்யப்பட்டவை என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவி வந்தது. இன்று அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் சமையலறை அலமாரிகள், துணிப் பெட்டகங்கள், பள்ளிகளின் புத்தக அடுக்குகள், அலுவலக மேசைகள் ஆகிய பலவும் மெலமீன் மேற்பூச்சுள்ள பலகையால் செய்யப்படுகின்றன. கடைவீதியில் இதனைப் ‘பிரீலாம் போர்டு’ என்பர். இது வழவழப்பானது, பல நிறங்களில் கிடைப்பது, இழைத்தல், மெருகிடுதல், வண்ணம் பூசுதல் ஆகிய வேலைகள் வேண்டாதது. நல்ல மரத்தைவிட விலையும் குறைவு.

ஆயினும் இப்பலகையைப்பற்றி மக்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. ஒரு வீட்டில் இப்பலகையால் செய்த அலமாரி பல ஆண்டுகள் பழுதின்றி நிற்கிறது. மற்றொரு வீட்டில் அதே பலகை முதல் மழைக்காலத்திலேயே அடிப்பகுதி ஊதிப் பருத்து, கீல்கள் கழன்று, தூளாக உதிர்கிறது. நடுத்தரக் குடும்பம் தன் பல மாதச் சேமிப்பை இத்தகைய அலமாரியில் இடுகிறது. பள்ளிக்கூடம் தனக்குக் கிடைக்கும் சிறு மானியத்தை இடுகிறது. மரச் சாமானைப்போல் இதனை மீண்டும் இழைத்தோ ஒட்டுப்போட்டோ திருத்த இயலாது. ஆகவே, ஒரே பொருள் ஓரிடத்தில் நிலைப்பதற்கும் மற்றோரிடத்தில் அழிவதற்கும் காரணம் யாது என்பதை அறிவது பயனுடையது. பலகையின் அமைப்பை ஆராய்ந்தால், அக்காரணம் பெரும்பாலும் அதன் விளிம்பில் இருப்பது புலனாகும்.

காட்டு மரமும் வயல் மரமும்

மரத்தைத் துகளாக்கிப் பிசினுடன் சேர்த்து அழுத்திப் பலகையாக்கும் முறை ஜெர்மனியில் உருவாயிற்று. மாக்ஸ் ஹிம்மல்ஹெபர் என்பவர் 1930-களின் தொடக்கத்தில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். உத்தரமாகவும் சட்டமாகவும் உதவாத சிறு கிளைகளையும், மர ஆலைகளில் எஞ்சும் கழிவுகளையும் உபயோகமான பொருளாக மாற்றுவதே இதன் நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரப் பற்றாக்குறை மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் இத்தொழில் விரைந்து வளர்ந்தது. இந்தியாவிலும் துகட்பலகைக்கான தர நிர்ணயம், ஐ.எஸ். 3087 என்ற எண்ணுடன், 1965-ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது.

பின்னாளில் இந்நாட்டில் இத்தொழிலுக்கு ஊக்கம் அளித்தவற்றுள் காடுகளைப் பாதுகாக்கும் நடவடிக்கைகள் முக்கியமானவை. மரத்தை மூலப்பொருளாகக் கொண்ட தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயன்றவரை விவசாயிகளின் துணையோடு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை கூறிற்று. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் பிறப்பித்த ஆணை, மத்திய அரசு ஏற்ற வேலைத் திட்டத்திற்கு உட்படாமல் காடுகளில் மரம் வெட்டுவதை நாடெங்கும் நிறுத்தியது. இதன் பயனாகத் தொழிற்சாலைகளின் நாட்டம் காட்டிலிருந்து வயலுக்குத் திரும்பிற்று. ஹரியானாவின் யமுனாநகர்ப் பகுதியில் விவசாயிகள் வயல்களிலும் வரப்புகளிலும் வளர்க்கும் பாப்லார், தைலமரம் ஆகியவை இன்று ஒட்டுப்பலகைத் தொழிலுக்கு ஆதாரமாக உள்ளன. நேரான அடிமரம் ஒட்டுப்பலகைக்குச் செல்ல, மெல்லிய நுனியும் கிளையும் துகட்பலகைக்கு உதவுகின்றன. கேரளத்தில் பால் வற்றிய ரப்பர் மரமும், கரும்பு விளையும் மாநிலங்களில் ஆலைச் சக்கையும் இவ்வாறே பலகைகளாகின்றன. எனவே, துகட்பலகை உழவருக்கும் வருவாய் தரும் பொருளாகும்.

பலகை உருவாகும் முறை

மரம் முதலில் யந்திரத்தால் சிறு சீவல்களாகவும் துகள்களாகவும் வெட்டப்படுகிறது. துகள்கள் உலர்த்தப்பட்டு, சல்லடைகளில் சலிக்கப்பட்டு, நுண்ணியவை வேறாகவும் பருமனானவை வேறாகவும் பிரிக்கப்படுகின்றன. பின்னர் அவற்றின் மீது யூரியா–பார்மால்டிஹைடு என்னும் செயற்கைப் பிசின் தெளிக்கப்படுகிறது. உலர்ந்த துகளின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பிசின் சேர்ப்பது வழக்கம். பிசின் கலந்த துகள்கள் மூன்று அடுக்குகளாகப் பரப்பப்படுகின்றன. மேலும் கீழும் நுண்துகள்கள், நடுவில் பருந்துகள்கள் என்பது அமைப்பு. இம்மெத்தையை 160 முதல் 220 சென்டிகிரேடு டிகிரி வரையிலான உஷ்ணத்தில் அழுத்தும்போது பிசின் இறுகிப் பலகை உருவாகிறது. மரத்தை இன்னும் நுண்ணிய நார்களாகப் பிரித்துச் செய்வது நார்ப்பலகை; ‘எம்.டி.எஃப்.’ என்று வழங்குவது இதுவே.

இந்திய நிர்ணயப்படி நடுத்தர அடர்த்தியுள்ள துகட்பலகை, ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 900 கிலோகிராம் வரை எடையுள்ளது. அடர்த்தி 700 எனக் கொண்டால், 2440 மில்லிமீட்டர் நீளமும் 1220 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள முழுப் பலகை ஏறத்தாழ 37½ கிலோகிராம் நிறுக்கும்.

மெலமீன் என்னும் பொருள்

மெலமீன் ஒரு வெண்ணிறப் படிகம். 1834-இல் லீபிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதனை முதன்முதலில் தயாரித்தார். மூன்று கார்பன் அணுக்களும் மூன்று நைட்ரஜன் அணுக்களும் மாறிமாறி அமைந்த அறுகோண வளையம் இதன் நடுவில் உள்ளது. வளையத்தின் ஒவ்வொரு கார்பன் அணுவோடும் ஓர் அமினோத் தொகுதி இணைந்திருக்கும். இதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனே.

ஏறத்தாழ நூறாண்டுகள் இது ஆய்வுச்சாலைப் பொருளாகவே இருந்தது. இதனைப் பார்மால்டிஹைடுடன் சேர்த்தால் தண்ணீராலும் உஷ்ணத்தாலும் எளிதில் கெடாத, கண்ணாடி போன்ற தெளிவுடைய பிசின் கிடைக்கும் என்பது 1930-களில் தெளிவாயிற்று. அமெரிக்காவில் 1913-இல் தொடங்கப்பட்ட பார்மைக்கா நிறுவனம், மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படும் தகடுகளை முதலில் செய்து வந்தது. அந்நிறுவனம் 1938 அளவில் மெலமீன் பிசினை மேற்பூச்சாகக் கொண்டபின், அலங்காரத் தகடுகள் உலகெங்கும் பரவின. இந்தியாவில் குஜராத்தின் வடோதராவிலுள்ள உரத் தொழிற்சாலை மெலமீனை உற்பத்தி செய்கிறது. யூரியாவே இதன் மூலப்பொருளாதலின், உரத் தொழிலுக்கும் அலமாரிப் பலகைக்கும் இவ்வாறு உறவு உண்டாகிறது.

பலகைக்கு மேற்பூச்சிடும் முறை எளியது. மரத்தின் வரிகளோ வேறு சித்திரமோ அச்சிட்ட காகிதம், அல்லது ஒரே நிறமுள்ள காகிதம், மெலமீன் பிசினில் தோய்க்கப்பட்டுப் பாதி இறுகிய நிலையில் உலர்த்தப்படுகிறது. இக்காகிதத்தைப் பலகையின் இருபுறமும் வைத்துச் சூடான அழுத்து யந்திரத்தில் சில விநாடிகள் அழுத்தினால், பிசின் உருகிப் பரவிப் பலகையோடு ஒன்றி இறுகிவிடும். வேறு பசை தேவையில்லை. ‘சன்மைக்கா’ என்று பொதுவாக அழைக்கப்படும் தகடு இதனின் வேறானது. அதில் பினாலிக் பிசினில் தோய்த்த பல பழுப்புக் காகிதங்களின் மேல் ஒரு மெலமீன் காகிதத்தை வைத்து, மிகுந்த அழுத்தத்தில் தனித் தகடாகச் செய்து, பின்னர்ப் பலகைமீது பசையால் ஒட்டுகின்றனர். அத்தகடு மேற்பூச்சைவிடத் தடிப்பானது. அடியையும் உராய்வையும் அதிகம் தாங்கும்.

உள்ளே ஒரு பிசின், வெளியே ஒரு பிசின்

இப்பலகையின் குணங்கள் அனைத்தும் ஓர் உண்மையிலிருந்து பிறக்கின்றன. பலகையின் தோலை உருவாக்கும் பிசினும் உடலைப் பிணைக்கும் பிசினும் வெவ்வேறானவை. இரண்டிலும் பார்மால்டிஹைடு பொதுவானது. தோலில் அதனோடு சேர்வது மெலமீன்; உடலில் சேர்வது யூரியா.

யூரியா மூலக்கூறில் இரண்டு அமினோத் தொகுதிகள் உள்ளன, மெலமீனில் மூன்று. ஆதலால் மெலமீன் பிசினின் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் நெருக்கமாகப் பின்னிய வலைபோல் இறுகுகின்றன. வளையத்தோடு ஒட்டிய பிணைப்புகளைத் தண்ணீர் எளிதில் அறுப்பதில்லை. யூரியாப் பிசினின் பிணைப்புகளையோ ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து நாளடைவில் அறுத்துவிடுகின்றன. அவ்வாறாயின் உடலையும் மெலமீனால் பிணைக்கலாகாதா என்ற ஐயம் எழும். ஆறு மூலக்கூறு யூரியாவிலிருந்து ஒரு மூலக்கூறு மெலமீனே கிடைக்கிறது. மற்றவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடுகின்றன. எனவே மெலமீன் விலை மிக்கது. ஈரம் தாங்கும் பலகைகளில் மட்டும் யூரியாப் பிசினுடன் ஓரளவு மெலமீன் கலக்கப்படுகிறது.

தண்ணீர் உட்புகுந்தால் நிகழ்வது யாது? அழுத்து யந்திரத்தில் நசுங்கிய துகள் ஒவ்வொன்றும் அழுத்தி வைத்த சுருள்வில்லை ஒத்தது. பிசின் அதனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஈரத்தால் மரத்துகள் ஊதும். அத்துடன் பிசின் பிடி தளர்ந்தால் நசுங்கிய துகள் தன் பழைய பருமனுக்கு விரியும். உலர்ந்த பின்னும் இவ்விரிவு முழுவதும் மறைவதில்லை. ஊதிய அலமாரியை வெயிலில் வைத்தும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாமைக்கு இதுவே காரணம்.

விளிம்பே வாயில்

மேற்பூச்சு பலகையின் இரு முகங்களையும் காக்கிறது. நான்கு விளிம்புகளும் திறந்தே இருக்கின்றன. மேலே கூறிய முழுப் பலகையில் விளிம்பின் பரப்பு மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே ஆகும். ஆனால் தச்சர் வெட்டும் ஒவ்வொரு வெட்டும் இரண்டு புதிய விளிம்புகளை உண்டாக்குகிறது. அப்பலகையை 610 மில்லிமீட்டர்ச் சதுரங்களாக எட்டுத் துண்டு செய்தால், 7.32 மீட்டராக இருந்த விளிம்பின் நீளம் 19.52 மீட்டராகப் பெருகிவிடும். கீலுக்கும் பூட்டுக்கும் துளைக்கும் துளைகள், தண்ணீர்க் குழாய்க்காக வெட்டும் இடம், கழுவுதொட்டிக்காக வெட்டும் இடம் ஆகிய எல்லாம் புதிய விளிம்புகளே.

இவற்றுள் கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பை மட்டும் மூடி, பின்புறத்தையும் அடிப்புறத்தையும் திறந்தபடி விட்டுவிடுவது பரவலான தவறு. தரையைக் கழுவும்போது தண்ணீர் முதலில் தொடுவது அந்த அடி விளிம்பைத்தான். எல்லா விளிம்புகளுக்கும் தச்சர்கள் ‘எட்ஜ் பேண்ட்’ என்று கூறும் பிளாஸ்டிக் பட்டையைச் சூடான பசையால் இடைவெளியின்றி ஒட்டுதல் வேண்டும். பட்டை ஒட்ட இயலாத துளைகளுக்கும் உள்வெட்டுகளுக்கும் வார்னிஷோ சிலிக்கோன் பசையோ பூசி அடைக்கலாம். அலமாரியைத் தரைமீது நேரே நிறுத்தாமல், ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் அல்லது உலோகக் கால்களின்மீது நிறுத்துவது சாலச் சிறந்தது.

எங்கு ஏற்றது, எங்கு ஏற்றதன்று

துணிப் பெட்டகம், புத்தக அடுக்கு, படிப்பு மேசை, சமையலறையில் தண்ணீர் படாத மேல் அலமாரிகள், கதவுகள் ஆகியவற்றுக்கு இப்பலகை தக்கது. கழுவுதொட்டியின் அடிப்பெட்டிக்கும், குளியலறைக்கும், மழைச்சாரல் படும் தாழ்வாரத்திற்கும் சாதாரணத் துகட்பலகை ஏற்றதன்று. அவ்விடங்களில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்வகை ஒட்டுப்பலகையை உபயோகிப்பது நலம். சமையல் மேடையின் மேற்பரப்புக்கும் மெலமீன் காகிதப் பூச்சு போதாது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்தால் பூச்சு வெடிக்கும் அல்லது கொப்புளிக்கும். கல்லோ தடித்த தகடோதான் அங்கே பொருந்தும்.

வாங்குமுன் வெட்டிய விளிம்பை உற்று நோக்குதல் வேண்டும். நடுப்பகுதியில் ஓட்டைகளும் தளர்ந்த துகள்களும் இருந்தால் அப்பலகையைத் தவிர்க்க வேண்டும். இருபுறமும் பூச்சு உள்ளதா என்று பார்ப்பதும் அவசியம். ஒருபுறம் மட்டும் பூசிய பலகை இருபுறமும் ஈரத்தைச் சமமாக ஏற்காமல் வளைந்துவிடும். மேற்பூச்சுள்ள துகட்பலகைக்கு ஐ.எஸ். 12823, மேற்பூச்சுள்ள நார்ப்பலகைக்கு ஐ.எஸ். 14587 என்பன இந்திய நிர்ணயங்கள். பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் சாமான் வாங்குவோர், விலைப்பட்டியல் கோரும்போதே உரிய எண்ணையும், எல்லா விளிம்புகளும் மூடப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுத்தில் குறிப்பிடுதல் நல்லது.

தச்சு வேலையில் கவனிக்க வேண்டியவை

சாதாரண வாளால் அறுத்தால் பூச்சின் ஓரம் சிம்பு சிம்பாகப் பெயரும். வெட்டுக் கோட்டைக் கூரிய கத்தியால் முதலில் கீறிக்கொண்டு, நுண்பல் வாளால் அறுத்தல் வேண்டும். ஆணி இதில் நில்லாது. திருகாணியையும் உரிய அளவுத் துளையிட்டபின்னரே முடுக்க வேண்டும். முகத்தில் ஏறிய திருகாணி விளிம்பில் ஏறியதைவிட உறுதியாகப் பிடிக்கும். கழற்றிக் கழற்றி முடுக்கினால் துகள் உதிர்ந்து பிடி போய்விடும். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய சாமானுக்கு ‘மினிஃபிக்ஸ்’ போன்ற உலோக இணைப்புகள் தக்கவை.

புத்தகத் தட்டுகளின் நீளத்தைப்பற்றித் தனியே கூறுதல் வேண்டும். துகட்பலகையின் விறைப்பு தேக்கின் விறைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. இரு முனைகளில் தாங்கப்பட்ட தட்டின் தொய்வு, நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்ப வளர்கிறது. நீளம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும். 18 மில்லிமீட்டர் தடிப்பும் 300 மில்லிமீட்டர் அகலமும் உள்ள தட்டில் மீட்டருக்கு 30 கிலோகிராம் வீதம் புத்தகங்களை வைத்ததாகக் கணக்கிட்டால், 600 மில்லிமீட்டர் நீளத்தில் தொய்வு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர், 900-இல் 7, 1200-இல் 22. சுமை நீடிக்க நீடிக்கத் தொய்வு மேலும் கூடும். ஆகவே புத்தகத் தட்டு 600 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், இடையில் தாங்கு பலகை வைப்பதே முறை.

பார்மால்டிஹைடு ஆவி

புதிய அலமாரியைத் திறந்தவுடன் மூக்கை உறுத்தும் நெடி, யூரியாப் பிசினிலிருந்து சிறிது சிறிதாக வெளிவரும் பார்மால்டிஹைடு ஆவியாகும். இது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. ஆகவே இதனை அலட்சியம் செய்தலாகாது. அளவறிந்து கட்டுப்படுத்தல் வேண்டும். ஐரோப்பாவில் ஈ-1 எனப்படும் வகுப்பிற்கு, சோதனை அறையின் ஒரு கன மீட்டர்க் காற்றில் 0.124 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. இந்தியக் கடைகளிலும் ஈ-1 எனக் குறிக்கப்பட்ட பலகைகள் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குதல் தகும்.

மெலமீன் தோல் இந்த ஆவி வெளிவருவதைப் பெரிதும் தடுக்கிறது. தண்ணீர் நுழையும் அதே விளிம்பின் வழியாகவே ஆவியும் வெளியேறுகிறது. எனவே விளிம்பை மூடுதல் என்ற ஒரே செயல் பலகையையும் காக்கிறது, அறையில் உறங்குவோரையும் காக்கிறது. புதிய சாமான் வந்த சில வாரங்கள் ஜன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் அளிக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்களில் ஆவி அதிகம் வெளிப்படும். அறுக்கும்போது எழும் தூளை மூச்சில் இழுக்காதிருக்கத் தச்சர்கள் முகமூடி அணிதல் அவசியம். எஞ்சிய துண்டுகளை ஒருபோதும் அடுப்பெரிக்கக் கூடாது. பிசினிலுள்ள நைட்ரஜன் காரணமாக, அரைகுறையாக எரியும்போது நச்சு வாயுக்கள் உண்டாகும்.

வகுப்பறைச் சோதனை

இவ்வுண்மைகளை மாணவர்கள் தாமே கண்டறியலாம். தச்சுப்பட்டறையில் கழித்த துண்டுகளிலிருந்து 50 மில்லிமீட்டர்ச் சதுரங்களாக ஆறு துண்டுகள் வெட்டித் தரச் சொல்ல வேண்டும். இரண்டின் விளிம்புகளை உருக்கிய மெழுகால் முழுவதும் மூட வேண்டும். இரண்டில் ஒரு விளிம்பை மட்டும் திறந்து விட வேண்டும். இரண்டை அப்படியே விட வேண்டும். ஒவ்வொன்றின் தடிப்பையும் வெர்னியர் அளவியால் நடுவிலும் ஓரத்திலும் அளந்து குறித்துக்கொண்டு, அறை வெப்பத்திலுள்ள தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாள் அதே நேரத்திலும் எடுத்து, துடைத்து, மீண்டும் அளக்க வேண்டும். தடிப்பில் ஏற்பட்ட உயர்வை முதல் தடிப்பால் வகுத்து நூறால் பெருக்கினால் ஊதலின் சதவீதம் கிடைக்கும். 18.0 மில்லிமீட்டர் 19.8 ஆனால் ஊதல் நூற்றுக்குப் பத்து.

பின்னர்த் துண்டுகளை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி மறுபடி அளந்தால், ஊதிய துண்டு பழைய தடிப்பை அடையாமை தெரியவரும். மூன்று வகைத் துண்டுகளின் அளவுகளை வரைபடமாக வரையச் செய்தால், ஒரு விளிம்பு திறந்திருப்பதன் விளைவும் விளங்கும். சேதமடைந்த அலமாரியை மேற்பார்வையிடும் கள அலுவலருக்கும் இதுவே வழிகாட்டும். முகப்பைப் பார்ப்பதைவிட, அடியிலும் பின்புறத்திலும் கைவைத்துப் பார்த்து, மூடப்படாத விளிம்பு எங்கே என்று தேடினால் பழுதின் தொடக்கம் தெரிந்துவிடும்.

பராமரிப்பு

மெலமீன் பரப்பைச் சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். மணல் கலந்த தூளும் கம்பிநாரும் பூச்சைக் கீறி அச்சுச் சித்திரத்தை அழித்துவிடும். பெயர்ந்த விளிம்புப் பட்டையை அன்றே ஒட்டுதல் வேண்டும். மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை அலமாரியின் அடி, பின்புறம், குழாய்த் துளை ஆகியவற்றைச் சோதித்து, திறந்த இடங்களை அடைத்துவிடுவது நல்ல வழக்கம்.

மெலமீன் பலகை காட்டு மரத்தின் மீதுள்ள சுமையைக் குறைக்கிறது. வயலில் வளரும் மரத்திற்கு விலை தருகிறது. குறைந்த செலவில் வீட்டுக்கு ஒழுங்கையும் தூய்மையையும் தருகிறது. தேக்கின் பொறுமையை அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. தோல் வலிது, உடல் மெலிது என்பதை அறிந்து, இடம் தெரிந்து உபயோகித்து, விளிம்பை மூடிக் காப்போருக்கு அது நெடுநாள் உழைக்கும்.